கோடிக்கரைக் காட்டில் கடலோர விவசாயி பார்க்க வேண்டியவை

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடிக்கரைக் கடலில் முழுக்குப் போட வரும் விவசாயிகள் ஏராளம். முழுக்கு முடிந்ததும் பஸ் ஏறி ஊர் திரும்பிவிடுகின்றனர். வழியில் இருபுறமும் அடர்ந்து நிற்கும் காட்டை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. அரை நாள் ஒதுக்கி அந்தக் காட்டுப் பாதையில் நடந்து பார்த்தால், மணற்பாங்கான நிலத்தையும் உப்புக் காற்றையும் வைத்துக்கொண்டு பயிர் செய்பவருக்குத் தெரிந்துகொள்ளப் பல செய்திகள் அங்கே உண்டு.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளது கோடிக்கரை. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை மேற்கே திரும்பும் முனை இதுவே. 1967-ஆம் ஆண்டில் இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதனையும், இதனை அடுத்த வேதாரண்யம் உப்புச் சதுப்பையும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளையும் சேர்த்து 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொண்டனர். வெளிமானும் பூநாரையும் பார்க்கவே பெரும்பாலோர் வருகின்றனர். விவசாயி அவற்றுடன் மரத்தையும் மண்ணையும் பார்க்க வேண்டும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கரை கடந்த கஜா புயல் இந்த வட்டாரத்தில் தென்னை, மா, சவுக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. முப்பது நாற்பது ஆண்டுக் காய்ப்பு மரங்கள் ஓர் இரவில் சாய்ந்தன. 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதப் புயல்களைப் பார்த்த பெரியவர்கள் இதை எதிர்பார்க்காதவர்கள் அல்ல. அடுத்த புயல் எந்த ஆண்டு வரும் என்று யாராலும் கூற இயலாது. வரும் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே என்ன மரம் வைப்பது, எப்படி வைப்பது என்ற கேள்வி ஒரு மா, இரண்டு மா வைத்திருக்கும் விவசாயிக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி ஆகும்.

காற்று சீவிய காடு

பாதையில் சிறிது தூரம் சென்றதும் கண்ணில் படுவது மரங்களின் உயரம். மேற்கு மலைக் காடுகளைப் போல் இங்கு வானளாவிய மரங்கள் இல்லை. கடலை நெருங்க நெருங்க மரங்கள் குட்டையாகிக் கொண்டே போகின்றன. கரை ஓரத்துப் புதர்களின் தலை, கத்தரிக்கோலால் சீவியது போல் சாய்வாக இருக்கும். சீவியது உப்புக் காற்று. கடற்பக்கத்துத் துளிர்கள் கருகிவிட, மறுபக்கத்துத் துளிர்கள் மட்டும் வளர்வதால் இந்த வடிவம் ஏற்படுகிறது. மோதும் காற்று இந்தச் சாய்வின்மேல் ஏறி, காட்டின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது.

இலைகளைத் தொட்டுப் பார்த்தால் மற்றொன்று புரியும். பெரும்பாலானவை சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியது போன்ற பளபளப்பு உள்ளவை. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டித் தீர்ந்துவிட, மீதி மாதங்களைக் காய்ந்த மணலில் கழிக்க வேண்டிய காடு இது. அப்படியிருந்தும் கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. உலர்பசுமைக் காடு என்று இதனைக் கூறுவர். இந்தியாவில் இவ்வகைக் காடு முக்கியமாகச் சோழமண்டலக் கரையை ஒட்டியே உள்ளது. அதிலும் பெரும்பகுதி அழிந்து, கோயில் காடுகளாகவும் சிறு துண்டுகளாகவுமே மிஞ்சியிருக்கிறது. கோடிக்கரை அவற்றுள் பெரியது.

மேலே பாலை, நாவல், வேம்பு. அதன் கீழ் காட்டு எலுமிச்சை, காரை, கிளா. அதற்கும் கீழே சங்கஞ்செடி, சூரை முள். இவை அனைத்தையும் பின்னிப் பிணைக்கும் கொடிகள். இடையில் கைவிட இடமில்லை. வெளியே காற்று வேட்டியைப் பறிக்கும் நேரத்தில்கூட உள்ளே நடப்பவருக்கு வியர்க்கும்.

விவசாயிகள் அமைக்கும் காற்றுத் தடுப்பை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வரப்பில் ஒற்றை வரிசையாகச் சவுக்கு நட்டு, வளர்ந்ததும் அடிக்கிளைகளை விறகுக்குக் கழித்துவிட்டு, மாடு புக ஒரு சந்தும் விட்டுவைப்பது நமது வழக்கம். மேலே தடுக்கப்பட்ட காற்று அடியில் புகுந்து பயிரை அலைக்கும். சந்து வழியே வரும் காற்றோ வெட்டவெளிக் காற்றைவிட வேகமாகப் பாயும். முழுச் சுவர் போல அடைத்துவிடுவதும் தவறே. சுவரைத் தாண்டிய காற்று சுழன்று விழுந்து அப்பால் உள்ள பயிரைச் சாய்க்கும். பாதிக் காற்றை வடிகட்டி விடுவதே நல்ல தடுப்பு. அப்படிப்பட்ட தடுப்பு 20 அடி உயரம் இருந்தால் அதன் பின்னால் 200 முதல் 300 அடி வரை பயிருக்குப் பாதுகாப்புக் கிடைக்கும்.

காட்டைப் பார்த்துத் தோட்டத்தில் செய்யக்கூடியது மூன்று அடுக்கு வரிசை. கடற்பக்கம் தாழை, நொச்சி, கிளா போன்ற குட்டைச் செடிகள். அடுத்து பூவரசு, புங்கம். அதற்கும் உள்ளே புன்னை அல்லது வேம்பு. வரப்பு மூலைகளில் பனை. கஜா புயலில் தென்னை விழுந்த தோப்புகளின் ஓரத்தில் பனை மரங்கள் பெரும்பாலும் நின்றதை இவ்வட்டார மக்கள் கண்ணால் கண்டார்கள். பூவரசையும் நொச்சியையும் போத்து வெட்டி நடலாம். நாற்றுச் செலவு இல்லை. நொச்சியை ஆடு கடிக்காது. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி மழைக்குள் நட்டுவிட்டால், முதல் கோடையில் மட்டும் குடத்தால் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஆனால் ஒரு மா என்பது ஏறத்தாழ 120 அடிக்கு 120 அடி. மூன்று வரிசைக்கு 20 அடி அகலம் விட்டால் நிலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். தனி ஒருவர் இதைச் செய்வது கட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று வரும் திசையில் அடுத்தடுத்து நிலம் உள்ள ஏழெட்டுப் பேர் பேசி, பொதுவான கடற்பக்க எல்லையில் ஒரே தடுப்பாக அமைப்பதே வழி. வேர்கள் பயிரின் சத்தை இழுக்காமல் இருக்க, மர வரிசைக்கும் பயிருக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடலாம்.

பாலை மரமும் சப்போட்டாவும்

இந்தக் காட்டின் தலையாய மரம் பாலை. உலக்கைப் பாலை என்றும் அழைப்பர். மரம் இரும்பு போல் கடினமானது. உலக்கைக்கும் செக்குக்கும் உகந்தது. மெதுவாகவே வளரும். கையகலத் தண்டுள்ள மரத்துக்குக்கூட வயது அதிகமாக இருக்கும். மஞ்சள் நிறமான சிறு பழங்கள் இனிக்கும். பறவைகளும் குரங்கும் நரியும் தின்று விதை பரப்புகின்றன.

சப்போட்டா பயிரிடுவோர் இம்மரத்தைக் கட்டாயம் பார்த்துவைக்க வேண்டும். பாலையும் சப்போட்டாவும் ஒரே குடும்பம். நாற்றங்கால்களில் விற்கும் ஒட்டுச் சப்போட்டாச் செடிகளின் வேர்ப்பகுதி பெரும்பாலும் பாலைதான். விதையிலிருந்து வளர்த்த பாலைக் கன்றின்மேல் நல்ல காய்ப்புள்ள சப்போட்டாக் கிளையை நெருக்கு ஒட்டு முறையில் இணைத்துக் கட்டுகின்றனர். பாலை மெதுவாக வளர்வதால் ஒட்டுக்கட்டும் பருமன் வர ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒட்டுச் செடியின் விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வறட்சியையும் மணற்பாங்கையும் ஓரளவு உப்பையும் தாங்கும் வேர் கிடைக்கிறது என்பதால் அந்த விலை தகும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நட்ட ஓரிரு ஆண்டுகளில் ஒட்டுக்குக் கீழேயிருந்து பாலைத் துளிர் கிளம்பும். செடி நன்றாகத் தூர் கட்டுகிறது என்று மகிழ்ந்து அதை விட்டுவைத்தால், சப்போட்டாப் பகுதி நலிந்து, கடைசியில் தோட்டத்தில் பாலை மரம்தான் நிற்கும். இரண்டையும் இலையைக் கொண்டே பிரித்தறியலாம். பாலை இலையின் நுனி அகன்று, நடுவில் சிறிது உள்வாங்கிப் பிளந்தாற்போல் இருக்கும். சப்போட்டா இலையின் நுனி கூர்மையானது. காட்டுப் பாதையில் ஒரு முறை பாலை இலையைக் கவனித்தவருக்குப் பிறகு சந்தேகம் வராது. அத்தகைய துளிர்களைக் கண்டவுடன் தண்டோடு ஒட்டக் கிள்ளிவிட வேண்டும். நடும்போது ஒட்டுப் பகுதி தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்குமாறு வைக்கவேண்டும். மண்ணில் புதைந்தால் சப்போட்டாவே வேர்விட்டு, பாலை வேரின் பயன் போய்விடும்.

பெயர் குழப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்பாலை, குடசப்பாலை என்பன வேறு செடிகள். அவற்றுக்கும் சப்போட்டாவுக்கும் தொடர்பில்லை. சரணாலயத்திலிருந்து விதையோ கன்றோ எடுப்பது சட்டப்படி குற்றம். கன்று வேண்டுவோர் நாற்றங்கால்களில் வாங்கலாம்.

மணல் மேடும் நல்ல தண்ணீரும்

பாதை காட்டை விட்டு மணல் மேட்டில் ஏறும் இடம் இராமர் பாதம். சுற்றுவட்டாரத்திலேயே உயரமான மேடு இது. இராமபிரான் இங்கிருந்துதான் இலங்கையைப் பார்த்தார் என்பது மக்களின் நம்பிக்கை. மேட்டின்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சேற்று நிலமும் உப்பளமும். எங்கு பார்த்தாலும் உப்புத் தண்ணீர்தான். அப்படியிருக்க இந்த மரங்கள் எதைக் குடித்து வாழ்கின்றன?

விடை காலடியில் உள்ளது. மணல் மேட்டில் விழும் மழை ஓடிப்போவதில்லை. அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறது. மழைநீர் கனம் குறைந்தது, கடல்நீர் கனம் கூடியது. ஆகவே மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல், மோரின் மேல் வெண்ணெய் மிதப்பதுபோல், மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால் அடியில் சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் நிபுணர்களின் கணக்கு. இதையே திருப்பிப் பார்க்கவேண்டும்: மேல்மட்டம் நிலையாக ஓரடி இறங்கினால், அடியிலிருந்து உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 அடி வரை ஏறி வரும்.

வேதாரண்யம் பக்கத்து மணல் நிலங்களில் புகையிலைக்கும் முல்லைக்கும் ஆழமற்ற ஊற்றுக் குட்டைகளிலிருந்து குடத்தால் மொண்டு ஊற்றிய முன்னோர், இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை. ஆனால் அறிந்தே செய்தனர். குட்டையில் மேல் தண்ணீர் மட்டுமே சுரக்கும். ஆழ்துளைக் குழாய் இறக்கி அதிக குதிரைத்திறன் மோட்டாரால் உறிஞ்சும்போது, அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் கூம்புபோல் மேலெழும்புகிறது. முதல் ஆண்டு இனித்த தண்ணீர் மூன்றாம் ஆண்டு கரிக்கிறது என்றால் குற்றம் தண்ணீரில் இல்லை. பக்கத்து நிலத்தாரின் குட்டையும் சேர்ந்து கெடும் என்பதுதான் இதில் வேதனை.

கடலோர மணல் நிலங்களில் அகலமான, ஆழமில்லாத குட்டையோ கிணறோதான் ஏற்றது. சிறிய மோட்டாரால் சிறிது நேரம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைக்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, மாசியிலும் வைகாசியிலும், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். மின்கடத்தும் திறன் 0.7-க்குள் இருந்தால் எப்பயிருக்கும் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் பயிர்களைத் தவிர மற்றவற்றுக்கு ஆகாது.

மேட்டைக் கட்டிக் காப்பவை மணலில் ஓடும் அடும்புக் கொடியும், பந்து பந்தாக உருளும் இராவணன் மீசைப் புல்லும். இவற்றைக் களை என்று நினைத்துப் பிடுங்குவோர் உண்டு. கொடி போனால் மணல் பறக்கும். மணல் பறந்தால் மேடு கரையும். மேடு கரைந்தால் அதனடியில் மிதந்த நல்ல தண்ணீர் எங்கே நிற்கும்? கட்டட வேலைக்கு மணல் அள்ளிக் கொடுத்துச் சில ஆயிரம் ரூபாய் பார்க்கும் நிலச் சொந்தக்காரர், தன் கிணற்றையே வண்டியில் ஏற்றி அனுப்புகிறார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் கோடிக்கரையின் பழைய சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் இடிந்து விழுந்தது; மேட்டின் அருமையை அன்று பலர் உணர்ந்தனர்.

காட்டின் உள்ளே மணல் கறுத்திருப்பதையும் காணலாம். ஆண்டாண்டாக விழுந்து மக்கிய சருகு அது. வெறும் மணலைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும். இந்தக் கறுப்பு மணல் ஈரத்துடன் கொஞ்சம் ஒட்டும். நமது தோப்புகளில் சருகைக் கூட்டி எரிப்பது வழக்கமாகிவிட்டது. அதை மரத்தடியிலேயே மூடாக்காகப் போடுவதும், மணற்பாங்கில் நன்கு வரும் கொளுஞ்சியை விதைத்து மடக்கி உழுவதும் செலவில்லாத வேலைகள்.

சீமைக்கருவேல்

காட்டின் ஓரங்களிலும் வெளிமான் மேயும் புல்வெளியிலும் சீமைக்கருவேல் புகுந்திருப்பதைப் பாதையில் செல்வோர் காணத் தவறமாட்டார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளின் அடுப்பை எரித்தது உண்மை. கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களும் பலர். ஆனால் திறந்த புல்வெளியில் வாழும் வெளிமானுக்கு மேய்ச்சலும் ஓடும் வெளியும் சுருங்கிவிட்டன.

பரவும் விதம் விவசாயிக்கு முக்கியம். இனிப்பான நெற்றை மாடும் ஆடும் காட்டுக் குதிரையும் பன்றியும் தின்கின்றன. கடின ஓட்டு விதை செரிக்காமல், முளைக்கத் தயாராக, எருவோடு வெளியே வருகிறது. சீமைக்கருவேல் நிலத்தில் மேய்ந்த மாட்டின் பச்சைச் சாணத்தை அப்படியே வயலில் இறைப்பது, விதைப்பு செய்வதற்கே ஒப்பாகும். சாணத்தைக் குழியில் இட்டு, கிளறி, நன்கு சூடேறி மக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். நெற்றைத் தீவனமாகக் கொடுப்போர் விதையும் நொறுங்கும்படி அரைத்துக் கலக்கவேண்டும்.

வெட்டினால் இம்மரம் சாகாது. அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். மழை முடிந்து மண் இளகியிருக்கும் தையில், ஓரடி ஆழத்துக்குத் தோண்டி வேர்க்கட்டையுடன் எடுப்பதே சரி. பொக்லைன் வைத்து ஒரே நாளில் பெரிய பரப்பைச் சுத்தம் செய்வது மணல் நிலத்தில் ஆபத்து. மறு கோடையிலேயே மணல் பறக்கும். கொஞ்சம் எடுத்து, அந்த இடத்தில் புங்கமோ பூவரசோ வேம்போ நிலைத்த பிறகு அடுத்த துண்டுக்குப் போகலாம்.

பன்றியும் மானும்

காட்டின் பெருமையை மட்டும் சொல்லி, அதை ஒட்டி வாழும் விவசாயியின் துன்பத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இரவில் வரும் காட்டுப்பன்றிகள் நிலக்கடலையைக் கிளறி ஒரே இரவில் பாத்தி பாத்தியாக அழிக்கும். கடனில் விதைத்தவருக்குச் சரணாலயம் என்ற சொல்லே கசக்கும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கோர வழி உண்டு. சேதத்தைக் கலைக்காமல் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, தாமதமின்றி வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதை ஒருபோதும் செய்யக்கூடாது. அது சட்ட விரோதம் என்பது ஒருபுறம். அதிகாலையில் வயலுக்குப் போகும் சொந்த வீட்டாரே மடிந்திருக்கிறார்கள். கிளா, காரை, சங்கஞ்செடி ஆகியவற்றை நெருக்கமாக இரட்டை வரிசையில் நட்டு வளர்த்த முள்வேலி, மூன்று நான்கு ஆண்டுகளில் பன்றியை ஓரளவு தடுக்கும். கிளாக்காய் ஊறுகாய்க்கு விலைபோகும்.

விவசாயிகளும் காட்டுக்குச் செய்ய வேண்டியது உண்டு. மேயப்போகும் மாட்டிலிருந்து கோமாரி நோய் மான்களுக்குத் தொற்றும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட்டுவிட்டால் மாட்டுக்கும் நல்லது, மானுக்கும் நல்லது. அவிழ்த்துவிட்ட நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து மான் குட்டிகளைக் கொல்கின்றன. நாயைக் கட்டிவைக்க வேண்டும்.

போக வர

வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரைக்குப் பஸ் வசதி உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியன்பள்ளி வரை ரயில் பாதை 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது. வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்றே உள்ளே நடக்க வேண்டும். உழவர் குழுவாகச் செல்வோர் முன்னதாகவே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்டால், செடி கொடி அறிந்த ஊழியர் ஒருவரை உடன் அனுப்பக் கேட்டுக்கொள்ளலாம். காற்றுத் தடுப்பு, மணல் நிலச் சாகுபடி பற்றிய ஐயங்களுக்குச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை உதவி இயக்குநரையோ அணுகலாம்.

பறவைகள் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மரங்களையும் மண்ணையும் பார்க்க மாசி, பங்குனி மேலானது; மழை நின்று, பாதை காய்ந்து, எந்தச் செடி வறட்சியிலும் பசுமையாக நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். விடியலிலேயே புறப்பட்டுவிட வேண்டும். முள் ஏறாத செருப்பும் ஒரு செம்பு தண்ணீரும் அவசியம். பாலிதீன் பை கூடாது. சேற்று நிலத்தில் வழிகாட்டியின்றி இறங்கக் கூடாது. மேலே காய்ந்து வெடித்ததுபோல் தெரிந்தாலும் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.